1855, நுங்கம்பாக்கம்: இல்லாத ஒரு கோளின் கதை

நம்ம சூரியன் அல்லாத வேறொரு விண்மீனைச் சுற்றிக் கோள் இருக்கலாம் என்று, அந்த விண்மீனின் அசைவை அளந்து, அந்த அளவையே ஆதாரமாகக் காட்டி முதன்முதலில் அச்சில் எழுதியவர் சென்னையில் வேலை பார்த்தவர். பெயர் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். வருஷம் 1855. இடம், நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் அப்சர்வேட்டரி.

"உலகின் முதல் புறக்கோளைக் கண்டுபிடித்தது நம்ம சென்னை" என்று இதைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அது உண்மை இல்லை. ஜேக்கப் சொன்ன கோள் அங்கே இல்லவே இல்லை. அதற்காக "அப்போ அது வெறும் தப்பு, விட்டுத்தள்ளுங்க" என்று முடித்துவிடவும் எனக்கு மனசு வரவில்லை. ஏன் தப்பானது என்று தேடிப் போனால், கோள்கள் எப்படிப் பிறக்கின்றன என்று இன்று ஆராய்பவர்கள் தினமும் மோதுகிற அதே சுவரில்தான் வந்து முட்டுகிறோம். அந்தச் சுவரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கடலுக்காக வந்த தொலைநோக்கி

சென்னையில் வானாய்வகம் எதற்கு? விண்மீன்களின் மேல் இருந்த ஆசையால் கம்பெனி அதைக் கட்டவில்லை. கப்பல்களுக்காகக் கட்டியது. சோழமண்டலக் கரையில் மணல்திட்டுகள் அதிகம், வரைபடங்கள் மோசம். கரையின் தீர்க்கரேகை சரியாகத் தெரியாவிட்டால் கப்பல் தரைதட்டும், சரக்கு போகும். 1786இல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் வீட்டிலேயே சொந்தக் கருவிகளோடு ஒரு வானாய்வகம் வைத்திருந்தார். கடற்கரையை அளந்துகொண்டிருந்த மைக்கேல் டாப்பிங் இதைக் கம்பெனியின் ஏற்பாடாக மாற்ற வழி செய்தார். 1792இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுந்தது. கருவியைத் தாங்க அங்கே நிறுத்திய கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. அதன் கல்வெட்டில் தமிழும் இருக்கிறது.

இதை வடசென்னைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எனக்குப் பிடிக்கும். நுங்கம்பாக்கத்தின் கணக்கு போய்ச் சேர்ந்த இடம் கடற்கரை. அங்கே கணித்த நேரத்தைத்தான் கோட்டையில் பீரங்கி வெடித்து ஊருக்கும் கப்பல்களுக்கும் அறிவித்தார்கள். ஜேக்கப்பின் கட்டுரை வந்த அடுத்த வருஷம், 1856 ஜூலை 1ஆம் தேதி, ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியது. பின்னாளில் இந்திய ரயில்கள் ஓடியதும் இந்தச் சென்னை நேரத்தின்படிதான். 1906இல் இந்திய நேரம் வரும்வரை இந்த ஏற்பாடு நீடித்தது.

கருவிகள் வந்த வழியும் கடல்தான். 1850இல் பாரிஸ் லெரபூர் பட்டறையிலிருந்து ஏறத்தாழ 6 அங்குல விட்டமுள்ள தொலைநோக்கி சென்னைக்கு வந்தது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. 1860களின் தொடக்கத்தில் கடலுக்குள் இரும்புப் பாலம் போடும்வரை, எந்தக் கப்பல் வந்தாலும் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கும் ஆளும் மசுலாப் படகில்தான் கரைக்கு வந்தாக வேண்டும். ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்த படகு அது. அலை அடித்தால் நெளிந்து கொடுக்குமே தவிர உடையாது. பாரிஸ் கண்ணாடி வில்லைக்கும் வேறு வழி இருந்திருக்க முடியாது. ராயபுரத்தில் புனித ராயப்பர் கோயிலை எழுப்பியவர்கள் இந்தப் படகுத் தொழிலாளிகள்தான். ஊருக்குப் பெயர் தந்ததும் அந்த ராயப்பர்தான். வானியல் வரலாறு இவர்களை எண்ணுவதில்லை. ஆனால் அந்த வில்லை உடையாமல் கரை சேர்ந்ததில் ஏதோ ஒரு படகுக்காரரின் கைப்பழக்கமும் இருக்கிறது.

ஜேக்கப் பார்த்தது என்ன

ஜேக்கப் பம்பாய் ராணுவப் பொறியியல் பிரிவுக்காரர். சென்னைக்கு வரும் முன்பே பூனாவில் இரட்டை விண்மீன்களை அளந்து பட்டியல் போட்டவர். 1848 கடைசியில் மெட்ராஸ் அப்சர்வேட்டரியின் பொறுப்பு அவரிடம் வந்தது. உடம்பு அடிக்கடி படுத்தியது. ஆனாலும் சனிக் கோளின் துணைக்கோள்கள், அதன் மங்கலான உள்வளையம் என்று நிறையப் பார்த்தார்.

அவரை இழுத்துப் பிடித்த விண்மீன் 70 ஒஃபியூக்கி. பாம்பைப் பிடித்து நிற்கும் மனிதன் என்று மேற்கில் சொல்லும் விண்மீன் கூட்டத்தில் இருக்கிறது, நம்ம விருச்சிகத்துக்கு வடக்கே. வெறும் கண்ணுக்கு ஒரு மங்கலான புள்ளி. தொலைநோக்கியில் பார்த்தால் இரண்டு. ஒன்றையொன்று சுற்றிவர ஏறத்தாழ 88 வருஷம் எடுத்துக்கொள்ளும் ஜோடி அது. தூரம் 16.6 ஒளியாண்டு. விண்மீன் கணக்கில் அது அடுத்த தெரு.

இரட்டை விண்மீன் என்றால் நியூட்டன் விதிப்படி ஒன்றைச் சுற்றி மற்றது நீள்வட்டத்தில் போக வேண்டும். பழைய அளவுகளை எல்லாம் சேர்த்து நீள்வட்டம் வரைந்தால், இந்த ஜோடி அதில் சரியாக உட்காரவில்லை. கொஞ்சம் முந்தும், கொஞ்சம் பிந்தும். கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அந்த ஜோடியில் ஒன்றைச் சுற்றி வந்து இழுத்தால் இப்படி நடக்கும் என்று ஜேக்கப் கணக்குப் போட்டார். லண்டன் ராயல் வானியல் கழகத்தின் மாத இதழில் சின்னக் கட்டுரையாக அது வெளிவந்தது. "கண்டுபிடித்துவிட்டேன்" என்று அவர் எழுதவில்லை. கோள் இருப்பதற்கான சாத்தியம் மிக அதிகம் என்றுதான் எழுதினார். பெருமையடிக்கும்போது நாம் முதலில் தொலைத்துவிடுவது இந்த அளவான சொல்லைத்தான்.

ஏன் நம்பத் தோன்றியது

அந்தக் காலத்தில் நின்று பார்த்தால் இது கிறுக்குத்தனம் இல்லை. 1846இல்தான் நெப்டியூன் கிடைத்திருந்தது. யுரேனஸ் கணக்கிலிருந்து விலகுகிறது, அதை இழுக்க இன்னொரு கோள் வெளியே இருக்க வேண்டும் என்று லெவெரியே தாளில் கணக்குப் போட்டார். பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பிப் பார்த்தால் அது அங்கே இருந்தது. 1844இல் பெஸ்ஸல், சிரியஸும் புரோசியனும் நேராகப் போகாமல் தள்ளாடுகின்றன, கூடவே தெரியாத துணை இருக்கிறது என்றார். சிரியஸின் துணையை 1862இல் கண்ணாலேயே பார்த்தார்கள். "தள்ளாடுகிறதா? இழுப்பவர் யார் என்று தேடு" என்பது அன்று வெற்றிமேல் வெற்றி கண்ட வழி. ஜேக்கப் அதே வழியைச் சென்னையிலிருந்து ஒரு படி நீட்டினார். இன்று தெரிந்த ஆயிரக்கணக்கான புறக்கோள்களில் பலவற்றை உறுதிசெய்ததும், தாய் விண்மீனின் தள்ளாட்டத்தை வைத்துத்தான்.

அப்புறம் எங்கே இடறியது? அளவில்தான். அந்த இரண்டு விண்மீன்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அதிகபட்சம் 7 விகலைக்கும் குறைவு. (பஞ்சாங்கத்தில் பாகை, கலை, விகலை என்று வருமே, அதே விகலைதான். ஒரு பாகையில் 3600.) முக்கால் கிலோமீட்டர் தள்ளி வைத்த ஒரு ரூபாய் நாணயம் ஏறத்தாழ 6 விகலை அகலம் தெரியும். அளவீடு பத்தில் ஒரு விகலை பிசகினால், அந்த நாணயத்தின் ஓரத்தை நாலைந்து முடி தடிமன் தள்ளிப் பார்த்ததாக ஆகும். அதையும் கண்ணால், காற்றில் நடுங்கும் பிம்பத்தின் மேல் சிலந்தி நூலை வைத்து அளக்க வேண்டும். ஒவ்வொருவர் கண்ணும் ஒவ்வொரு பக்கம் சாயும். பல ஊர், பல கருவி, பல கண் அளந்ததைச் சேர்த்தால் அந்தச் சாய்வுகளே ஒரு தள்ளாட்டம் மாதிரித் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. 70 ஒஃபியூக்கி இரட்டை என்று வில்லியம் ஹெர்ஷல் பார்த்தது 1779இல். ஜேக்கப் எழுதியது 1855இல். நடுவில் 76 வருஷம்தான். அந்த ஜோடியை மனிதர்கள் கவனிக்க ஆரம்பித்த பிறகு அது ஒரு முழுச் சுற்றைக்கூட முடிக்கவில்லை. பாதை முழுசாகத் தெரியும் முன்பே, பாதையிலிருந்து விலகியதற்குக் காரணம் தேடியாகிவிட்டது.

உடைத்தவரும் அவர் விட்டுச்சென்றதும்

1890களில் அமெரிக்கர் டி. ஜே. ஜே. சீ இதே விண்மீனை எடுத்துக்கொண்டு, 36 வருஷத்தில் சுற்றும் இருண்ட துணை இருக்கிறது என்று ஜேக்கப்பைவிட அடித்துச் சொன்னார். 1899இல் சிகாகோ பல்கலைக்கழகத்து இளைஞர் ஃபாரஸ்ட் ரே மௌல்டன் வேறு கேள்வி கேட்டார். அளவு சரியா தப்பா என்பதை விடுங்கள், அப்படி ஒரு மூன்றாவது பொருள் அந்த இடத்தில் நிலைத்திருக்கவாவது முடியுமா? முடியாது, ஈர்ப்பே அதைத் தூக்கி எறிந்துவிடும் என்று காட்டினார். சீ சண்டைக்குப் போனார். பத்திரிகையோடு அவருக்கிருந்த உறவே கெட்டுப்போகிற அளவுக்கு அது முற்றியது. பின்னால் 20ஆம் நூற்றாண்டின் துல்லியமான அளவுகளும் சேர்ந்து, ஜேக்கப் சொன்ன கோளும் சீ சொன்ன துணையும் இல்லை என்று முடித்துவைத்தன.

எனக்கு ரொம்பப் பிடித்த திருப்பம் இனிமேல்தான். இந்த மௌல்டன், புவியியலாளர் தாமஸ் சேம்பர்லினோடு சேர்ந்து, 1905 வாக்கில் கோள்கள் எப்படி உருவாயின என்று ஒரு கொள்கையை முன்வைத்தார். சின்னச் சின்னத் திடப்பொருள்கள் மோதி, ஒட்டி, சேர்ந்து கோளாகின்றன என்பது அதன் மையம். அந்தத் துண்டுகள் கிடைத்ததற்குக் காரணமாக, வழியில் போன ஒரு விண்மீன் சூரியனிலிருந்து பொருளை இழுத்தது என்றார்கள். அந்தப் பாதி தப்பு, கைவிட்டாகிவிட்டது. துண்டுகள் சேர்ந்து கோளாகும் என்ற பாதி இன்றும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. ஜேக்கப்பின் கோளை உடைத்த வாதத்தை எழுதியவரே, கோள் பிறக்கும் விதத்துக்கும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

தூசியிலிருந்து கோள்

இன்று நமக்குத் தெரிந்த கதை சுருக்கமாக இது. வாயுவும் தூசியும் கலந்த மேகம் தன் எடையாலேயே உள்ளே சரிகிறது. நடுவில் விண்மீன் பிறக்கிறது. மிச்சம், சுழற்சியால் தட்டையாகி, அதைச் சுற்றி வட்டாகப் பரவுகிறது. கான்ட் 1755இலும் லாப்லாஸ் 1796இலும் சொன்ன யோசனையின் வழியில் வந்ததுதான் இது. ஜேக்கப் காலத்தில் அதைப் படித்தவர்கள் உண்டு, பார்த்தவர் யாரும் இல்லை.

வட்டில் உள்ள தூசி எவ்வளவு பொடி? எண்ணூர்ப் பக்கம் மொட்டைமாடியில் காயப்போட்ட துணியில் படியுமே அனல்மின் நிலையச் சாம்பல், அந்த அளவு. மைக்ரான் கணக்கு. தூசி ஒன்றோடொன்று ஒட்டி மணலளவு, கூழாங்கல் அளவு வரை வளர்வதில் பெரிய சிக்கல் இல்லை. அதற்கு மேல்தான் தகராறு. வட்டில் உள்ள வாயு, திடப்பொருளைவிடக் கொஞ்சம் மெதுவாகச் சுற்றுகிறது. அதனால் கல்லுக்கு எப்போதும் எதிர்காற்று. மெரினா சாலையில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவருக்குத் தெரியும், வேகம் குறையும். இங்கே வேகம் குறைந்தால் கல் உள்ளே சரிந்து விண்மீனிலேயே போய் விழும். ஒரு மீட்டர் அளவுள்ள கல் இப்படிச் சீக்கிரமே தொலைந்துவிடும். கூழாங்கற்கள் கும்பலாகச் சேர்ந்தால் ஒன்றின் மறைவில் இன்னொன்று எதிர்காற்றிலிருந்து தப்பும், கும்பல் இன்னும் பெருக்கும், கடைசியில் தன் ஈர்ப்பாலேயே சுருங்கி கிலோமீட்டர் கணக்கில் உடல்கள் பிறக்கும் என்பது இப்போது பரவலாக ஏற்கப்படும் விடை. வியாழன் மாதிரியான வாயுக் கோள் இதிலும் அவசரப்பட வேண்டும். வட்டின் வாயு ஒரு கோடி வருஷத்துக்குள் பெரும்பாலும் கலைந்துவிடும். அதற்குள் உருவானால்தான் உண்டு.

இடைவெளி இருந்தால் கோள் இருக்குமா?

1983இல் ஐராஸ் விண்கலம் வேகா விண்மீனைச் சுற்றித் தூசியின் வெப்பத்தை உணர்ந்தது. 1984இல் பீட்டா பிக்டோரிஸைச் சுற்றி உள்ள வட்டையே படம் பிடித்தார்கள். 1995இல் மேயரும் கெலோவும் சூரியன் போன்ற விண்மீனுக்குக் கோள் இருப்பதை, தள்ளாட்டத்தை வைத்து, உறுதியாகக் காட்டினார்கள். 2014இல் சிலி பாலைவனத்தின் ஆல்மா தொலைநோக்கிகள் 450 ஒளியாண்டு தூரத்து எச்.எல். டாவ்ரியின் படத்தை வெளியிட்டன. விண்மீனுக்கு வயது 10 லட்சம் வருஷத்துக்கு மேல் இருக்காது, அதாவது கைக்குழந்தை. அதைச் சுற்றி இசைத்தட்டு மாதிரி வளையங்கள், நடுநடுவே கறுப்பு இடைவெளிகள்.

பார்த்தவுடனே எல்லோருக்கும் தோன்றியது, கோள்கள் சுற்றி வந்து அந்தப் பாதைகளைத் துடைத்திருக்கின்றன என்று. ஜேக்கப்புக்குத் தோன்றியதும் இதே ரகம்தான். கணக்கில் ஒரு பிசகு, அதற்குக் காரணம் ஒரு கோள். ஆனால் இடைவெளி வேறு வழிகளிலும் வரலாம். வட்டில் ஒரு தூரத்துக்கு அப்பால் நீரும் மற்ற வாயுக்களும் பனியாக உறையும். அந்தக் கோட்டைத் தாண்டும்போது தூசியின் குணம் மாறி வளையம் தெரியலாம். காந்தப்புலமும் காரணமாகலாம். எச்.எல். டாவ்ரியின் இடைவெளிகளில் கோள் இருப்பது இன்னும் உறுதியாகவில்லை.

அதைவிடக் கூர்மையான பாடம் ஃபோமல்ஹாட். 2008இல் அதன் தூசி வளையத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி நகர்வதை ஹப்பிள் படங்களில் காட்டி, கோள் என்று அறிவித்தார்கள். உலகமே கொண்டாடியது. வருஷங்கள் போகப் போகப் புள்ளி மங்கியது, பரவியது. இரண்டு பனிப்பொருள்கள் மோதிச் சிதறிய தூசி மேகம்தான் அது என்று 2020இல் முடிவு வந்தது. ஹப்பிள் வைத்திருந்தவர்களுக்கே நடந்தது இது. 6 அங்குல வில்லையும் சிலந்தி நூலும் வைத்திருந்தவரைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டியதில்லை.

எப்போது நம்பலாம்? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத சாட்சிகள் ஒரே இடத்தைக் கைகாட்டும்போது. 370 ஒளியாண்டு தூரத்தில் பி.டி.எஸ். 70 என்ற விண்மீன். வயது சுமார் 50 லட்சம் வருஷம். அதன் வட்டில் பெரிய இடைவெளி. 2018இல் அந்த இடைவெளிக்குள்ளேயே ஒரு கோள் நேரடியாகத் தெரிந்தது. அதன் வெப்பம் தெரிந்தது. அதன் மேல் வாயு விழும்போது ஹைட்ரஜன் விடும் சிவப்பு ஒளியும் தனியாகத் தெரிந்தது. கோள் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். 2019இல் பக்கத்திலேயே இரண்டாவது கோள். 2025இல் விஸ்பிட் 2 என்ற இளம் விண்மீனின் வளையங்களுக்கு நடுவே, இடைவெளிக்குள் உட்கார்ந்திருக்கும் இன்னொரு கோளின் படமும் வந்தது. இடைவெளியைக் கோள் உண்டாக்கும் என்ற ஊகம் சில இடத்தில் சரிதான். எந்த இடத்தில் என்று தனித்தனியாக நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சென்னைக்கு என்ன மிச்சம்

"முதல் கோள்" என்ற பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலும் சென்னைக்கு நிறையவே மிச்சம் இருக்கிறது. ஜேக்கப்புக்குப் பிறகு வந்த நார்மன் போக்சன் 1861இல் இங்கிருந்து ஏசியா என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். சென்னையிலிருந்து மொத்தம் 5. நம்ம கோள்கள் பிறந்தபோது சேராமல் மிஞ்சிய துண்டுகள்தான் சிறுகோள்கள். பிறப்பின் மிச்சத்தை நுங்கம்பாக்கத்தில் பொறுக்கியிருக்கிறார்கள்.

அதே வானாய்வகத்தில் 1840களிலேயே வேலைக்குச் சேர்ந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் குடும்பம். ஜேக்கப் இருந்த வருஷங்கள் முழுக்க அவரும் அங்கே இருந்தார். 1867இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தார். 1872இல் ராயல் வானியல் கழகத்தின் உறுப்பினரானார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது, என்ன நடக்கப்போகிறது என்று தமிழ் உட்பட நம்ம மொழிகளில் புத்தகம் போட்டு ஜனங்களுக்குச் சொன்னார். அவர் கண்டுபிடித்த விண்மீன் இன்றும் அதே இடத்தில் மங்கிப் பிரகாசித்துக்கொண்டிருக்கிறது. பெருமைப்பட ஆள் வேண்டுமென்றால் இவர் இருக்கிறாரே.

ஜேக்கப் உடம்பு முடியாமல் ஊர் திரும்பினார். காற்று நடுங்காத மலை உச்சியில் வானாய்வகம் வைத்தால் அளவு தெளிவாகும் என்று நம்பி 1862இல் மறுபடி இந்தியா வந்தார். வந்த சில நாளிலேயே பூனாவில் இறந்துபோனார். அவர் நினைத்தது பின்னால் நடந்தது. சென்னையின் வானியல் வேலை 1899இல் கொடைக்கானல் மலைக்குப் போனது. லெரபூர் தொலைநோக்கியும் அங்கே போனது. 2018இல் ராஜஸ்தானின் அபு மலையிலிருந்து, தள்ளாட்டத்தை அளந்து, 600 ஒளியாண்டு தூரத்தில் ஒரு புறக்கோளை அகமதாபாத் இயற்பியல் ஆய்வகக் குழு உறுதிசெய்தது. ஜேக்கப் கட்டுரைக்கு 163 வருஷம் கழித்து, அவர் விரும்பிய மாதிரியே ஒரு மலையிலிருந்து.

70 ஒஃபியூக்கியை நீங்களும் பார்க்கலாம். ஜூலை கடைசியில் இரவு 10 மணிவாக்கில் நம்ம ஊருக்கு ஏறக்குறைய உச்சியில் நிற்கும். எண்ணூர், மணலி விளக்கு வெளிச்சத்தில் வெறும் கண்ணுக்குக் கிடைப்பது கஷ்டம். பழவேற்காடு பக்கம் போனால் கிடைக்கும். 3 அங்குலத் தொலைநோக்கி இருந்தால் இரண்டாகப் பிரிந்து தெரியும். ஜேக்கப் எழுதியதிலிருந்து அந்த ஜோடி ஒரு முழுச் சுற்று முடித்து இரண்டாவதையும் முடிக்கப்போகிறது. 2032 வாக்கில், அவர் பார்த்த அதே நிலையில் இரண்டும் வந்து நிற்கும். அந்த வருஷம் ஜூலையில் யாராவது தொலைநோக்கி வைத்திருந்தால் சொல்லுங்க, நானும் வர்றேன்.